கரட்டில் முதல் பச்சை

சேலம் ரயிலடியில் என்னை அழைத்துப்போக வந்த பிலோமினா, என் கையிலிருந்த குடையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மழைக்காகக் கொண்டுவந்திருந்தால் பெட்டியிலேயே வைத்துவிடு, வெயிலுக்கு என்றால் பிடித்துக்கொள் என்றாள். நான் மலேசியாவில், ஈப்போவில் வசிப்பவள். எங்கள் ஊரில் பிற்பகலில் மழை வராவிட்டால் மனிதர்கள் வானத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். சேலத்தில் மூன்று வருடமாக மழை ஏமாற்றியதில் பலர் வானத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டே, பாறைகளின்மேல் வளரும் புல்வெளிகளைப் பற்றி மேற்படிப்புக்காக ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஈப்போவைச் சுற்றிலும் பாறைக் குன்றுகள்தான். ஆனால் அவை எப்போதும் நனைந்தே கிடப்பவை. காய்ந்த பாறையில் செடிகள் எப்படிக் குடும்பம் நடத்துகின்றன என்று பார்க்காமல் என் ஆராய்ச்சி பாதியில் நின்றது. சென்னையில் என்னோடு ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்த பிலோமினா, இப்போது சேலத்துக் கல்லூரியொன்றில் தாவரவியல் ஆசிரியை. எங்கள் பக்கம் வா, பாறையும் வெயிலும் வேண்டிய மட்டும் தருகிறேன் என்று அவள் சொன்னதை நம்பிப் புறப்பட்டு வந்துவிட்டேன்.

வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. பிலோமினா கோயிலில் பூசை முடித்து வந்து ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கூடை மாம்பழத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் பேச்சு மறந்து தின்றோம். டுரியானுக்கு ஈடு உலகத்தில் எதுவும் இல்லை என்று பல வருடங்களாகச் சாதித்து வந்தவள் நான். சேலத்தில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் நாமக்கல் பேருந்தில் எங்களுக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். என் காலைப் பார்ப்பதும் பேசுவதுமாக இருந்தார்கள். பிலோமினாவுக்குத் தெலுங்கு தெரியும். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். முகம் நல்ல முகம்தான், பாவம், செருப்பு வாங்க வழியில்லாமல் அண்ணன் தம்பியின் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்கிறார்களாம். பாறை ஏறுவதற்கென்றே வாங்கிய பூட்ஸ் அது. காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

ராசிபுரம் தாண்டியதும் பேருந்து பெரிய சத்தம் ஒன்றைப் போட்டுவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, எதுவும் சொல்லாமல் புளியமர நிழலுக்குப் போனார். அதைப் பார்த்ததும் எல்லோரும் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். எங்கள் ஊரானால் இந்நேரம் நாலு பேர் சண்டை பிடித்திருப்பார்கள்.

பிலோமினா சாலையில் நின்று கைகாட்டினாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்று நின்றது. யானைமேல் ஏறுவதுபோல் ஏறி ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் திருச்செங்கோட்டுக்காரர். ஆந்திரா, ராஜஸ்தான் என்று எங்கெங்கோ பூமியைத் துளைத்துவிட்டு வந்தவர். இந்தப் பக்கம் நிலம் எப்படி என்று கேட்டேன்.

"மேலயும் பாறைங்க, கீழயும் பாறைங்க. நடுவுல நாம பொழைச்சுக் கெடக்கறோமுங்க" என்றார்.

நாமக்கல்லில் இறக்கிவிட்டார். ஊர் முழுக்க லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளின் தட்டல் ஓசை. நடுவில் ஒற்றைப் பாறை, மேலே கோட்டை. என் கண் கோட்டைக்குப் போகவில்லை. பாறை இடுக்குகளில் ஒட்டிக் காய்ந்திருந்த புல் பற்றைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிலோமினா என் கையைப் பிடித்து இழுத்துப்போய் முட்டை தோசை வாங்கித் தந்தாள்.

நாங்கள் தங்க வேண்டிய இடம் எருமப்பட்டிக்கு அப்பால், தோட்டத்து நடுவில் இருந்த வீடு. பிலோமினாவிடம் படிக்கும் பெண் ஒருத்தியின் அம்மா செல்லம்மாள் அங்கே இருந்தார். கணவர் லாரி ஓட்டுபவர், பம்பாய்ப் பக்கம் போயிருந்தார். மகள் பரீட்சைக்காக விடுதியில். நிலமும் செம்மறி ஆடுகளும் செல்லம்மாளின் ஒற்றைக் கைப் பொறுப்பு. என் வயதுதான் இருக்கும். நடையில் ஒரு வேகம், பேச்சில் ஒரு சிக்கனம். வந்ததும் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோற்றில் நெய்யை ஊற்றி முன்னால் வைத்தார். மலேசியாவிலும் ஆடு மேய்ப்பார்களா என்ற ஒரே கேள்விதான் என்னைக் கேட்டார். மேய்ப்பார்கள், ஆனால் புல் ஆட்டைவிட உயரமாக இருக்கும் என்றேன். பொய்யா நிஜமா என்று பிலோமினாவின் முகத்தைப் பார்த்தார்.

வீட்டுக்குப் பின்னால் கரடு தொடங்கியது. கரடு என்றால் மலையும் இல்லை, மேடும் இல்லை. பாறையும் சரளையும் முள்ளுமாகக் கிடக்கும் குன்று. வடக்கே கொல்லிமலை நீலமாக நின்றது. அதன் காலடியில் பிறந்து வளராமலே போன பிள்ளை மாதிரி இருந்தது இது. கரட்டின் கீழ்ச்சரிவு செல்லம்மாளின் மேய்ச்சல் நிலம். அதை ஒட்டி அவருடைய அண்ணன் நாச்சிமுத்துவின் தோட்டம். இரண்டுக்கும் நடுவில் கிளுவை வேலி. வறட்சியில் கிளுவை பட்டுப்போய் அங்கங்கே சந்து விழுந்திருந்தது.

அடுத்த நாள் வெயில் ஏறுவதற்குள் நானும் பிலோமினாவும் கரட்டின் அடிவாரப் பாறைகளுக்குப் போனோம். அந்தக் காலையை இன்றைக்கும் என்னால் அடுக்கடுக்காகச் சொல்ல முடியும். மொட்டைப் பாறையில் கருப்பும் சாம்பலுமாகப் பாசித் திட்டுகள். பாறை சற்றுக் குழிந்த இடத்தில் விரல் கனத்துக்கு மண். அந்த மண்ணில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு புல், கருகிய மயிர்க் கற்றைபோல. மண் ஒரு சாண் ஆனதும் ஊசிப்புல். முழங்கை ஆழம் ஆனால் கொழுக்கட்டைப்புல், ஆடு மாடுகள் விரும்பித் தின்பது. அதற்கும் மேல் மண் இருந்தால்தான் விராலிச் செடி, கிளுவை, வெள்வேல மரம். எங்கள் ஊர்க் காட்டில் செடிகள் வெளிச்சத்துக்கு அடித்துக்கொள்கின்றன. இங்கே வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது, சண்டையெல்லாம் மண்ணுக்கு. ஒரு குச்சியை ஊன்றி மண்ணின் ஆழத்தைப் பார்த்தால் போதும், அங்கே யார் குடியிருப்பார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். மதியத்துக்குள் நான் சொல்லிக் காட்டவும் தொடங்கிவிட்டேன். பிலோமினா ஒன்றிரண்டு முறை சோதித்துவிட்டு, போதும் உன் பெருமை என்றாள்.

கருகிய அந்தக் குட்டிப் புல்லின்மேல் என் குடிதண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது சுருண்டிருந்த இலைகள் விரிந்து, அடியில் பச்சை ஓடியிருந்தது. செத்ததுபோல் கிடந்து பிழைப்பது அதன் வழி. இந்தப் பயணத்துக்கு இது ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது.

அன்று மதியம் நாங்கள் சாப்பிடத் திரும்பியபோது செல்லம்மாள் ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்டிருந்தார். நாங்கள் வருவதற்குச் சில நாள் முன்புதான் அந்தப் பக்கம் முதல் மழை பெய்திருந்தது. கோடை முழுக்கப் பட்டியில் அடைபட்டு, கிடைத்த காய்ந்த தழையைத் தின்று எலும்பும் தோலுமான ஆடுகள் கரட்டை நோக்கி ஓடின. மேலே ஒரு குழிவில் பச்சை தெரிவதாகவும், கடவுள் கண் திறந்துவிட்டதாகவும் செல்லம்மாள் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் காலை அவருடைய குரலைக் கேட்டு வெளியே ஓடினோம். பட்டியில் ஆறேழு ஆடுகள் செத்துக் கிடந்தன. இன்னும் சில கால் பின்னத் தள்ளாடி நின்றன. செல்லம்மாள் அழவில்லை. ஒரு ஆட்டின் தலையைத் தூக்கி, வாயோரத்து நுரையைத் தன் சேலையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் சொன்னதச் செஞ்சுட்டாருங்க டீச்சர்" என்றார்.

விஷயம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பத்து நாள் முன்பு இவருடைய ஆடுகள் பட்டியிலிருந்து தப்பி, வேலிச் சந்து வழியாகப் புகுந்து நாச்சிமுத்துவின் வெங்காயப் பாத்தியை மிதித்து நாசம் செய்துவிட்டன. கிணற்றில் ஊறுகிற நாலு குடம் தண்ணீரை வைத்து அவர் வளர்த்த வெங்காயம். ஊரார் நாலு பேர் முன்னால், இன்னொரு முறை இந்த ஆடுகள் என் தோட்டத்தில் கால் வைத்தால் உயிரோடு திரும்பாது என்று கத்தியிருக்கிறார். இப்போது வேலி ஓரத்தில் காலியான பூச்சிமருந்து டப்பா ஒன்று கிடந்தது. வெங்காயத்துக்கு அடித்துவிட்டு எறிந்தது என்பார் அவர். யார் நம்புவார்கள்?

சத்தம் கேட்டு நாச்சிமுத்து வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். உயரமான, ஒல்லியான மனிதர். இந்தப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. செல்லம்மாள் எல்லோர் காதிலும் விழும்படி, நீங்கள் வைத்த மருந்துதான், போலீசில் எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்றார். நாச்சிமுத்துவின் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன்.

"வாயில்லாச் சீவனுக்கு மருந்து வெக்கறவனா நானு? உன்ற வாயில இருந்து இது வந்துருச்சல்ல. இனி உன்ற எடத்துல என்ற கால் படாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பிலோமினா பால் வண்டியில் ஏறிக் கால்நடை டாக்டரை அழைத்துவரப் போனாள். நான் அங்கே விருந்தாளி, அதுவும் வெளிநாட்டுக்காரி. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஒன்று எனக்கு உறுத்தியது. ஆடுகள் கரட்டின் மேலே ஓடியதைத்தான் நேற்றுப் பார்த்தோம். வெங்காயத் தோட்டம் கீழே இருக்கிறது. மேலே என்ன தின்றன என்று பார்க்காமல் ஒரு மனிதனைக் கூண்டில் ஏற்றக் கூடாது.

வேலியில் கண்வலிக்கிழங்கின் இளங்கொடி முளைத்திருந்ததை முதல் நாளே கவனித்திருந்தேன். கொடிய விஷம். இதுதான் காரணமாக இருக்கும் என்று கூட்டத்தின் முன் உறுதியாகவே சொன்னேன். செல்லம்மாள் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கொடிகளைக் காட்டினார். ஒன்றுகூடக் கடிபடவில்லை. நான் சொன்னது தவறு என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். கூட்டத்தில் ஒருவர் இருமினார். சரி, மேலே போகலாம் என்றேன். செல்லம்மாள் தயங்கினார், ஆனாலும் வந்தார்.

குளம்படிகளைப் பார்த்துக்கொண்டே ஏறினோம். பாறைகளுக்கு நடுவே ஒரு குழிவு, முழங்கை ஆழத்துக்கும் மேல் மண். என் கணக்குப்படி அது கொழுக்கட்டைப்புல்லின் வீடு. ஆனால் அங்கே அந்தப் புல்லின் பட்டுப்போன தூர்கள்தான் இருந்தன. அவற்றுக்கு இடையில் தடித்த பச்சை இலைகள், பட்டை பட்டையாக. பாதிக்குமேல் அடியோடு கடிக்கப்பட்டிருந்தன. கடித்த இடத்தில் சாறு கசிந்து உறைந்திருந்தது. மண்ணைக் கிளறியதும் வெங்காயம்போல ஒரு கிழங்கு கைக்கு வந்தது.

"நரிவெங்காயமுங்க" என்றார் செல்லம்மாள். "ஆடு இத மோந்துகூடப் பாக்காதுங்க டீச்சர்."

அவர் சொன்னதும் உண்மைதான். வேறு புல் இருக்கிறவரையில் எந்த ஆடும் இதைத் தொடுவதில்லை. நான் கடிபட்ட இலைகளில் ஒரு பிடியைப் பறித்துக்கொண்டேன்.

நாங்கள் இறங்குவதற்கும் டாக்டர் பிலோமினாவை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவதற்கும் சரியாக இருந்தது. இளைஞர். நுரையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். பூச்சிமருந்தாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். கூட்டம் தலையாட்டியது. நான் இலையை நீட்டி, வயிற்றைத் திறந்து பாருங்கள், அதற்குமுன் எதுவும் எழுதாதீர்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிலோமினா இடையில் புகுந்து, இந்த அம்மா சும்மா சொல்கிறவர் இல்லை என்றாள். ஒரு மணி நேரத்துக்கு முன் நான் தவறாகச் சொன்னது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அண்ணனையும் கூப்பிடுங்கள், அவர் முன்னால்தான் இதைச் செய்ய வேண்டும் என்றேன். ஆள் போய் அழைத்தும் அவர் வேலியைத் தாண்டி வரவில்லை. சந்தருகில், தன் நிலத்தில் நின்றுகொண்டார். டாக்டர் செத்த ஆடு ஒன்றை வேலிக்குப் பக்கத்திலேயே போட்டு இரைப்பையைக் கீறினார். உள்ளே காய்ந்த தழையோடு பட்டை பட்டையான பச்சைத் துண்டுகள். ஒன்றை எடுத்துக் கழுவி என் கையிலிருந்த இலையோடு வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"மருந்து வாடை இல்லைங்க. இந்த இலைதான். இதயத்தை நிறுத்திடும்" என்றார். இரண்டாவது ஆட்டையும் திறந்தார். அதிலும் அதேதான்.

டாக்டர் தள்ளாடும் ஆடுகளை ஓட்டக் கூடாது, நிழலில் அசையாமல் கிடக்கட்டும் என்று சொல்லி, கரித்தூளைக் கரைத்துப் புகட்டும் வேலையில் இறங்கினார். பிலோமினா அவருக்கு ஆட்டின் வாயைப் பிடித்துக்கொடுத்தாள்.

செல்லம்மாள் என்னிடம் வந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா இதே கரட்டுலதானுங்க மேயுது. இப்ப மட்டும் ஏனுங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. மழை ஒழுங்காகப் பெய்த வருடங்களில் கொழுக்கட்டைப்புல்லின் தூர் உயிரோடு இருந்தது. முதல் மழையிலேயே அது துளிர்த்துவிடும். ஆடுகளுக்கு வாய் நிறைய அது இருந்ததால் நரிவெங்காயத்தை ஒதுக்கிவிட்டு மேய்ந்தன. மூன்று வருட வறட்சியில் தூர் செத்தது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தன் தண்ணீரோடு பத்திரமாகக் கிடந்தது. இந்த மழைக்கு முதலில் தலைநீட்டியது அதுதான். புல் இனி விதையிலிருந்து முளைத்து வர வேண்டும், அதற்கு நாளாகும். நீங்கள் பார்த்து மகிழ்ந்த பச்சை நரிவெங்காயத்தின் பச்சை, ஆடுகளுக்கோ பசி. இதில் உங்கள் தவறும் இல்லை, வேறு யார் தவறும் இல்லை. இதை அவருக்குப் புரியும்படியும், வேலிக்கு அப்பால் நிற்பவருக்குக் கேட்கும்படியும் சொன்னேன்.

"எல்லாத்தையும் தோண்டி எறிஞ்சிரலாங்களா?" என்றார்.

வேண்டாம் என்றேன். மண்ணைக் கிளறினால் அடுத்த மழையில் அந்த ஒரு முழ மண்ணும் பாறையை விட்டு ஓடிவிடும், பிறகு எந்தப் புல்லும் வராது. மேல் குழிவுக்கு முள் அடைத்துவிடுங்கள். புல் முளைத்து விதை கட்டும்வரை ஆடு அங்கே போகக் கூடாது. ஒரு மழைக்காலம் பொறுத்தால் கரடு பழையபடி உங்களுக்குச் சோறு போடும்.

"அதுவரைக்கும் மீதி ஆட்டுக்கு என்னத்தப் போடறதுங்க?"

தழை தீர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் யாரிடமும் தீவனம் மிச்சமில்லை என்று அவரே முதல் நாள் சொல்லியிருந்தார். பாறையையும் மண்ணையும் பற்றிப் பேசத் தெரிந்த நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது நாச்சிமுத்து அங்கே இல்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். கூட்டம் கலையத் தொடங்கியது. சற்று நேரத்தில் தலையில் பெரிய, காய்ந்த சோளத்தட்டுக் கட்டோடு திரும்பி வந்தார். தன் மாடுகளுக்கென்று போர் போட்டு வைத்திருந்ததிலிருந்து உருவி வந்திருக்கிறார். சந்துக்கு அந்தப் பக்கமே, தன் நிலத்திலேயே கட்டை இறக்கினார். யாரையும் பார்க்காமல், இன்னும் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார், பொதுவாக.

செல்லம்மாள் வேலிவரை நடந்தார். கட்டுக்கும் அவருக்கும் நடுவில் நாலடிதான். கைநீட்டி எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. சேலைத் தலைப்பில் ஆட்டின் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"நாக்குத் தவறிப்போச்சுங்ணா" என்றார். "தட்டு எனக்கு வேண்டாம். நீங்களா கொண்டாந்து பட்டியில போட்டாத்தான் வேணும்."

நாச்சிமுத்து கொல்லிமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் கரி படிந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார். பிலோமினா என் தோளைப் பிடித்தாள், விரல்கள் அழுந்தின.

நாச்சிமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். குனிந்து கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, பட்டுப்போன கிளுவைக் கிளையை ஒரு கையால் விலக்கி, தங்கையின் நிலத்தில் காலை வைத்தார். பட்டியில் நிற்க முடிந்த ஆடுகளெல்லாம் அவரை நோக்கித் திரும்பின.